பன்மொழி வலைத்தளங்கள்: தேடுவோர் கைக்கு எட்டும் வழி

மும்பை மாநகராட்சிப் பள்ளிகளில் எட்டு மொழிகள் பயிற்றுமொழிகளாக இருந்து வருகின்றன. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்பன அவை. ஒரே நகராட்சி அமைப்பு இத்தனை மொழிகளில் குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பது உலகில் அரிதாகவே காணப்படும் ஏற்பாடாகும். ஆனால் அப்பள்ளிகளில் தமிழ் படித்து வளர்ந்த ஒருவர், பின்னாளில் ஓர் அரசு அலுவலகத்தின் விதிமுறையை அறியும் பொருட்டுத் தம் கைபேசியில் தமிழில் தேடினால், அவருக்கு உரிய விடை கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் மும்பையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழ்கின்றனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்றோரின் வழித்தோன்றல்கள் தாராவியில் உள்ளனர். மாட்டுங்காவில் 1932 இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், அலுவலகப் பணிகளுக்காக வந்து குடியேறியோரின் வரலாற்றுக்குச் சான்றாகும். செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. நிர்வாக அமைப்பில் தாராவி ஜி-வடக்கு வட்டாரத்தையும், மாட்டுங்காவின் கிழக்குப் பகுதி எஃப்-வடக்கு வட்டாரத்தையும், செம்பூர் எம்-மேற்கு வட்டாரத்தையும் சார்ந்தவை.

இம்மக்களுக்குச் செய்தி எட்டுவதும் எட்டாமற் போவதும் சிறிய பொருளல்ல. மகாராஷ்டிரத்தின் குடிசைப்பகுதி மறுவாழ்வு விதிகளில் 2000 ஜனவரி 1 என்னும் நாள் ஓர் எல்லைக்கோடாகும். அந்நாளுக்கு முன்பிருந்தே குடியிருந்து வருவதை ஆவணத்தால் மெய்ப்பிப்பவர் இலவச மாற்று வீட்டுக்குத் தகுதி பெறுகிறார். அதற்குப் பின்னர், 2011 ஜனவரி 1 வரை குடியேறியவர்களுக்குக் கட்டணத்தின் பேரில் வீடு வழங்கும் ஏற்பாடு உண்டு. எந்த ஆவணம் செல்லும், எங்கே, எந்நாளுக்குள் காட்ட வேண்டும் என்பதை அறியாத குடும்பம் வீட்டையே இழக்கக்கூடும்.

அச்சுக்கு ஒரு கணக்கு, வலைக்கு ஒரு கணக்கு

மொழிச் சிறுபான்மையினர்க்கான பாதுகாப்பு ஏற்பாடுகளின்படி, ஒரு மாவட்டத்திலோ அதன் உட்பிரிவிலோ மக்கள்தொகையில் 15 சதவிகிதத்தினராவது பேசும் மொழியில் முக்கியமான விதிகளையும் அறிவிப்புகளையும் மொழிபெயர்த்து வெளியிட வேண்டும். இந்த அளவுகோல் தாளுக்கும் மைக்கும் செலவு செய்ய வேண்டியிருந்த காலத்தில் வகுக்கப்பட்டது. மும்பைத் தமிழர் நகரம் முழுவதையும் கணக்கிட்டால் அவ்வளவை எட்டார். வலைப்பக்கத்திற்கோ அச்சுச் செலவு இல்லை. மொழிபெயர்ப்பும் அதைச் சரிபார்ப்பதும் மட்டுமே செலவு. இந்நிலையில் தமிழ்ப் பக்கம் ஒன்றை வெளியிடுவது எளிதாகிவிட்டது. அதைத் தேடுபவர் கண்ணில் படச் செய்வதுதான் இப்போதைய சிக்கல். இதற்குரிய தொழில்நுட்பம் கணிப்பொறி வல்லுநர்க்கு மட்டும் உரியதென ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. எனினும் அதன் அடிப்படைகள் எந்த அலுவலரும் புரிந்துகொள்ளக் கூடியவையே.

தேடுபொறி மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவதாக, அதன் நிரல் ஒன்று இணைப்புகளைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் சென்று படிக்கிறது. அடுத்து, படித்த சொற்களைக் கொண்டு நூலின் இறுதியில் காணும் சொல்லடைவு போன்ற ஒன்றைத் தயாரிக்கிறது. மூன்றாவதாக, ஒருவர் சொல்லொன்றைக் கேட்டதும், அவருடைய மொழியையும் இடத்தையும் கருதி, அடைவிலிருந்து பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகிறது. பன்மொழித் தளங்கள் தவறுவது பெரும்பாலும் முதலிரண்டு கட்டங்களிலேயாகும். அடைவில் ஏறாத பக்கம் எவ்வளவு நல்ல தமிழில் எழுதப்பட்டிருப்பினும் மூன்றாம் கட்டத்திற்கு வந்து சேராது.

எழுத்தே எழுத்தாக இல்லாதபோது

தமிழ்ப் பக்கங்களுக்கு முதல் தடை எழுத்துக் குறியீட்டில் இருந்தது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறி 1991 இல் வெளியானபோதே தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆயினும் பல்லாண்டுகள் அலுவலகங்களும் அச்சகங்களும் தனித்தனி எழுத்துருக்களையே கையாண்டன. பாமினி என்னும் எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கணிப்பொறி உண்மையில் சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே ஆகும். திரையில் தமிழ் தெரியும். ஆனால் தேடுபொறிக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியல். தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்கு முன் தயாரான ஆவணங்கள் இன்றும் பழைய வடிவிலேயே வலையில் ஏற்றப்படுவதுண்டு.

ஒருங்குறிக்கு மாறிய பின்னும் சில நுட்பமான பிழைகள் தொடர்கின்றன. 'ஔ' என்னும் ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' என்னும் இரண்டைத் தட்டச்சு செய்வது பழக்கமாகிவிட்டது. 'ஔவையார்' என்பதும் 'ஒளவையார்' என்பதும் கண்ணுக்கு ஒன்றே போலத் தோன்றினும் கணிப்பொறிக்கு வெவ்வேறு சொற்களாம். 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்து இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். பெரிய தேடுபொறிகள் இவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். ஒரு துறையின் தளத்திற்குள்ளேயே அமைந்த சிறு தேடல் வசதி அவ்வாறு கொள்ளும் என்று நம்புவதற்கில்லை. ஆதலால் சேமிக்கும்போதே ஒரு சீராக்கி வைப்பது நன்று.

இவற்றினும் பெரிய தடை சுற்றறிக்கைகளை ஒளிப்படமாக எடுத்து ஏற்றும் வழக்கமாகும். கையொப்பமும் முத்திரையும் உள்ள தாளை அப்படியே படமாக்கி வெளியிடுவது அலுவலக மரபுக்கு உகந்ததாயிருக்கலாம். ஆனால் படத்திலுள்ள தமிழைக் கணிப்பொறி பிழையின்றிப் படித்தறியும் என்று சொல்வதற்கில்லை. மங்கலான நகலாயின் அது மேலும் கடினம். கையொப்பமிட்ட படியை இணைப்பாக வைத்து, அதன் வாசகத்தைப் பக்கத்திலேயே எழுத்தாகத் தருவதே தக்க முறை.

ஒவ்வொரு மொழிக்கும் ஒரு முகவரி

இரண்டாவது தேவை, ஒவ்வொரு மொழியிலுள்ள பக்கத்திற்கும் தனி முகவரி இருப்பது. இதில் மூன்று வழிகள் நடைமுறையில் உள்ளன. விக்கிப்பீடியா ஒவ்வொரு மொழிக்கும் முகவரியின் முன்னொட்டாக மொழிக்குறியை வைக்கிறது. பி.பி.சி. நிறுவனம் ஒரே தளப்பெயரின்கீழ் மொழியின் பெயரைக் கிளையாகச் சேர்த்துத் தமிழ்ச் சேவையை நடத்துகிறது. தனித்தனித் தளப்பெயர்களையே வாங்கிவிடுவது மூன்றாவது வழி. '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' எனத் தமிழ் எழுத்திலேயே முடியும் தளப்பெயர்களுக்கு 2010, 2011 ஆம் ஆண்டுகளில் வழி பிறந்தது. மாநகராட்சி போன்ற அமைப்புக்குக் கிளை முறையே எளிது. ஒரே தளத்தைப் பேணினால் போதும், தளம் பெற்றுள்ள நன்மதிப்பும் எல்லா மொழிகளுக்கும் பொதுவாகும்.

முகவரியின் எஞ்சிய பகுதியைத் தமிழ் எழுத்தில் அமைக்கலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அமைக்கலாம், தேடுபொறிக்கு அதனால் இடையூறு இல்லை. ஆனால் முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் ஒன்பது எழுத்துகளாக விரியும். 'தாராவி' என்ற ஆறு குறியீட்டுச் சொல் 54 எழுத்துகளாக நீண்டுவிடும். குறுஞ்செய்தியில் அனுப்பவோ சுவரொட்டியில் அச்சிடவோ அது ஏற்றதன்று.

பல தளங்களில் பக்கத்தின் மேல்மூலையில் மொழி மாற்றும் பொத்தான் ஒன்று காணப்படும். அதை அழுத்தினால் அதே முகவரியில் மொழி மட்டும் மாறும். பார்ப்பவர்க்கு இது வசதியாகத் தோன்றும். தேடுபொறியின் நிரலோ பொத்தானை அழுத்துவதில்லை. அது முகவரிகளை மட்டுமே அறியும். முதலில் தெரியும் ஆங்கிலத்தையோ மராத்தியையோ படித்துவிட்டுப் போய்விடும். தமிழ் வாசகம் அங்கிருந்தும் அடைவில் இல்லாததாகிவிடும். பார்வையாளரின் கருவியிலேயே எந்திர மொழிபெயர்ப்பு செய்து காட்டும் ஏற்பாடுகளுக்கும் இதே குறை உண்டு. 2022 இல் தொடங்கப்பட்ட பாஷிணி போன்ற தேசிய முயற்சிகள் மொழிபெயர்ப்பின் சுமையைக் குறைத்துள்ளன என்பது உண்மையே. மொழிபெயர்த்ததைச் சரிபார்த்து, நிலையான முகவரியில் வைத்தாலன்றித் தேடலில் அதனால் பயனில்லை.

இன்னொரு தவறு, பார்வையாளர் எங்கிருந்து வருகிறார் என்பதைக் கொண்டு மொழியைத் தானாகவே தீர்மானிப்பதாகும். மும்பையிலிருந்து வருபவர்க்கு மராத்தி, சென்னையிலிருந்து வருபவர்க்குத் தமிழ் என்பது கேட்பதற்கு நியாயமாகப் படும். ஆனால் தாராவியின் 90 அடிச் சாலையில் நிற்பவர் தமிழரா, குயவர் குடியிருப்பான கும்பர்வாடாவின் குஜராத்தியரா, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவரா என்று இணைய இணைப்பு எப்படிச் சொல்லும்? கைபேசி இணைப்பு சில வேளைகளில் நகரத்தையே தவறாகக் காட்டும். தேடுபொறியின் நிலையோ இதனினும் விந்தையானது. கூகுளின் படிப்பு நிரல் பெரும்பாலும் அமெரிக்க முகவரிகளிலிருந்தே வருகிறது. தனக்கு விருப்பமான மொழி இன்னதென்று அது தெரிவிப்பதுமில்லை. இடத்தைப் பார்த்து மொழியைத் திணிக்கும் தளத்தில் அதற்கு ஆங்கிலப் பக்கம் ஒன்றே கிடைக்கும். மற்ற மொழிகளைப் பரிந்துரைக்கலாம், வலிந்து திருப்பிவிடலாகாது.

இணைமொழிக் குறிப்பு

தனி முகவரிகள் அமைந்தபின், இவை ஒரே பொருளின் வெவ்வேறு மொழி வடிவங்கள் என்பதைத் தேடுபொறிக்கு அறிவிக்க வேண்டும். இதற்கென ஹெச்ரெஃப்லாங் என்னும் குறிப்பைக் கூகுள் நிறுவனம் 2011 டிசம்பரில் வகுத்தது. பொருத்தமான மொழி எதுவும் இல்லாதவர்க்குக் காட்ட வேண்டிய பொதுப்பக்கத்தைச் சுட்டும் குறிப்பு 2013 இல் சேர்க்கப்பட்டது. பக்கத்தின் தலைப்பகுதியிலோ, தளத்தின் முகவரிப் பட்டியலாகிய தள வரைபடக் கோப்பிலோ இதை எழுதலாம்.

இதன் விதி எளியது. ஒவ்வொரு பக்கமும் தன்னையும் தன் இணைமொழிப் பக்கங்கள் அனைத்தையும் சுட்ட வேண்டும். மராத்திப் பக்கம் தமிழைச் சுட்டித் தமிழ்ப்பக்கம் மராத்தியைச் சுட்டாவிடில் அந்த உறவு ஏற்கப்படாது. இருவரும் ஒப்பினாலன்றி உறவில்லை என்பதே கருத்து. பிறர் தம் பக்கத்தை அரசுப் பக்கத்தின் மொழி வடிவமெனப் பொய்யாக அறிவிக்காமல் தடுப்பதற்கும் இது உதவுகிறது. எட்டு மொழிகளுள்ள ஒரு பொருளுக்கு 64 வரிகள் தேவை. 500 பொருள்களாயின் 32,000 வரிகள். கையால் எழுதினால் பிழை நேரும். ஆதலால் இவற்றை நிரலே தயாரிக்குமாறு தொடக்கத்திலேயே ஏற்பாடு செய்ய வேண்டும்.

மொழிக்கும் நாட்டுக்கும் உலகத் தர அமைப்பு வகுத்த ஈரெழுத்துக் குறிகளையே பயன்படுத்த வேண்டும். தமிழுக்கு டி.ஏ., மராத்திக்கு எம்.ஆர்., இந்திக்கு ஹெச்.ஐ. என்பன அவை. நம் நாட்டில் வாகன எண் பலகைகளில் காணும் மாநிலக் குறிகளை இங்கே கையாள்வோர் உண்டு. டி.என். என்பது மொழிக்குறியாயின் போட்சுவானாவில் பேசப்படும் சுவானா மொழியையும், நாட்டுக்குறியாயின் துனிசியாவையும் குறிக்கும். மகாராஷ்டிரத்தைக் குறிப்பதாக எண்ணி எம்.ஹெச். என்று எழுதினால் அது பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளாகிவிடும். தாராவிக்கென்று எழுதிய பக்கம் மார்ஷல் தீவுத் தமிழர்க்கு உரியதென அறிவிக்கப்பட்டு நிற்கும்!

மற்றொரு பிழை இதனினும் தீங்கானது. ஒரே செய்தி பல முகவரிகளில் இருந்தால் மூல முகவரி இதுவென அறிவிக்கும் குறிப்பு ஒன்று உண்டு. சில தளங்களில் தமிழ்ப் பக்கத்தின் மூல முகவரியாக ஆங்கிலப் பக்கத்தைக் குறித்துவிடுகின்றனர், மொழிபெயர்ப்பு நகல்தானே என்ற எண்ணத்தால். தமிழ்ப் பக்கத்தை அடைவில் சேர்க்க வேண்டாம் என்று தளமே சொல்வதாக அது முடியும். ஒவ்வொரு மொழிப் பக்கத்திற்கும் அதுவே மூலம்.

பக்கத்தின் மொழி இன்னதென்று அறிவிக்கும் வேறொரு பண்புக்குறிப்பும் உண்டு. கூகுள் அதைப் பொருட்படுத்துவதில்லை, வாசகத்தைப் படித்தே மொழியை உணர்கிறது. ஆனால் பார்வையற்றோர்க்குப் பக்கத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருள் அக்குறிப்பைக் கொண்டே உச்சரிப்பைத் தேர்கிறது. ஆகவே அதையும் விடலாகாது.

குறிப்பு எட்டாத இடம்

இவ்வளவையும் செம்மையாகச் செய்த பின்னும் மும்பைத் தமிழரின் சிக்கல் தீர்வதில்லை. இணைமொழிக் குறிப்பில் மொழியையும் நாட்டையும் சொல்லலாம். இலங்கைத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ், இந்தியத் தமிழ் என வேறுபடுத்தலாம். மாநிலத்தைச் சொல்ல இடமில்லை. தமிழ்நாட்டு அரசின் பக்கமும், மகாராஷ்டிரத்தில் வெளியாகும் தமிழ்ப் பக்கமும் இக்குறிப்பின் கண்ணில் ஒரே தரத்தவை.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். தாராவியிலுள்ள ஒருவர் 'குடிசை மாற்று வீடு தகுதி' என்று தமிழில் தேடுகிறார் எனக் கொள்வோம். குடிசை மாற்று என்பது 1970 இல் தமிழ்நாட்டில் அமைந்த வாரியத்தின் பெயரால் நிலைபெற்ற தொடர். அவ்வாரியம் 2021 இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியபோதும் பழைய தொடர் மறையவில்லை. எனவே சென்னைக்குரிய விதிகளே விடையாக வருவதற்கு வாய்ப்பு மிகுதி. வாசகம் தெளிவாக இருக்கும், அரசு முத்திரையும் இருக்கும். ஆனால் அச்சட்டம் அவர் நிற்கும் மண்ணுக்குப் பொருந்தாது. மொழி புரியாத பக்கத்தைக் கண்டால் ஒருவர் பிறரிடம் கேட்பார். புரிந்த மொழியில் வந்த பொருந்தாத விடையை அவர் ஐயுறமாட்டார். இவ்வகைத் தவறே மிகவும் ஆபத்தானது.

குறியீட்டால் இயலாததை வாசகத்தால்தான் செய்ய வேண்டும். பக்கத்தின் தலைப்பிலும் முதற் பத்தியிலும் மகாராஷ்டிரம், மும்பை, தாராவி என்ற பெயர்கள் தமிழெழுத்தில் வர வேண்டும். மாட்டுங்கா, மாதுங்கா என இருவகையாக வழங்கும் பெயர்களை இரு வடிவிலும் ஓரிடத்திலேனும் குறிப்பது நலம். 1995 இல் நகரத்தின் பெயர் மாறிய பின்னும் முதியோர் பலர் 'பம்பாய்' என்றே எழுதுவர். அலுவலகத்தின் பெயரையும் அவ்வூர் வழக்கில் தர வேண்டும். குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையத்தை மும்பையில் அனைவரும் 'எஸ்.ஆர்.ஏ.' என்கின்றனர். கடை நடத்துவதற்கான பதிவு அங்கே 'குமாஸ்தா' உரிமம் என்றே வழங்குகிறது. தமிழ்நாட்டில் குமாஸ்தா என்றால் எழுத்தர். அந்தச் சொல் இல்லாமல் 'கடைகள் மற்றும் நிறுவனங்கள் பதிவுச் சான்று' என்று மட்டும் தூய நடையில் எழுதினால், செம்பூரில் சிறு கடை வைக்க விரும்புபவர் தேடும்போது அப்பக்கம் எதிர்ப்படாது. 'குடும்ப அட்டை' என்பதுடன் 'ரேஷன் கார்டு' என்பதையும், மராத்தி விண்ணப்பத்தில் அச்சாகியிருக்கும் 'சிதாபத்ரிகா' என்ற சொல்லையும் தமிழெழுத்தில் அருகே தருவது பொருந்தும். நல்ல தமிழை விரும்புவோர் இதனை ஏற்கத் தயங்கலாம். விண்ணப்பதாரர் கையிலிருக்கும் தாளில் உள்ள சொல் எதுவோ, அதைத்தான் அவர் தேடுவார்.

மும்பையில் பிறந்து வளர்ந்த இளைஞர் பலர்க்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. அவர்கள் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுவர், அல்லது கைபேசியில் வாயால் கேட்பர். ஆங்கில எழுத்தில் தட்டுவோர்க்கெனத் தனிப்பக்கம் எழுதுவது வீண்வேலை. பொதுப்பக்கத்தில் இடப்பெயரும் அலுவலகப் பெயரும் இரு எழுத்திலும் இருந்தால் போதுமானது.

அயல்நாட்டுத் தமிழர்க்கு வெளியிடும்போது இதே கவனம் வேறு வடிவில் வேண்டும். இலங்கையில் பிரதேச செயலாளர் பிரிவு என்பது ஒரு நிர்வாக அலகு. தமிழ்நாட்டு வாசகர்க்கு அச்சொல் புதிது. எனினும் அங்கே நாடு வேறு என்பதால் குறிப்பும் துணை செய்கிறது. ஒரே நாட்டுக்குள், மாநிலத்திற்கு வெளியே வாழும் மொழியினர்க்கே குறிப்பின் துணை இல்லை. சூரத்தில் உள்ள ஒடியா நெசவாளர், தில்லியில் உள்ள வங்காளியர், கோவையில் உள்ள இந்தி பேசும் தொழிலாளர் ஆகியோரின் நிலையும் இதுவே.

அலுவலகத்தில் செய்யத்தக்கவை

இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009 இல் தேசியத் தகவலியல் மையத்தால் வெளியிடப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்டும் உள்ளன. ஒருங்குறியின் பயன்பாடு போன்றவை அந்நெறிகளில் அடங்கும். நெறிகள் இருந்தும் செயல் தளர்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையே. எல்லாப் பக்கங்களையும் எட்டு மொழிகளில் தருவதென்று தொடங்கி இடையில் நிற்பதைவிட, மக்கள் மிகுதியாகக் கேட்கும் இருபது முப்பது பொருள்களை எடுத்து முழுமையாகச் செய்வது மேல். பாதி மொழிபெயர்த்த பக்கம், அதாவது பட்டியலும் தலைப்பும் தமிழிலும் உடல் ஆங்கிலத்திலுமாக உள்ளது, தேடுபொறியையும் குழப்பும், மனிதரையும் குழப்பும்.

மராத்தி மூலத்தில் தேதி மாறினால் தமிழ்ப்பக்கமும் அன்றே மாற வேண்டும். மாற்ற இயலாத இடத்தில், இப்பக்கம் இன்ன நாள் வரை சரிபார்க்கப்பட்டது என்று குறித்து மூலத்திற்கு இணைப்புத் தர வேண்டும். பழைய தேதியுடன் தேடலில் முதலில் நிற்கும் பக்கம் இல்லாத பக்கத்தைவிடக் கேடு செய்யும்.

வேலை முடிந்ததும் அலுவலகக் கணிப்பொறியில் முகவரியைத் தட்டிப் பார்த்து நிறைவுறுவது போதாது. தாராவியிலோ செம்பூரிலோ சாதாரண விலைக் கைபேசி ஒன்றில், தள முகவரி தெரியாத ஒருவரைக் கொண்டு, அவர் வாயில் வரும் சொற்களாலேயே தேடச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் தட்டிய சொற்களையும், எத்தனையாவது விடையில் உரிய பக்கம் வந்தது என்பதையும், அதற்கு முன்வந்த விடைகள் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவை என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த மாதம் அதே சொற்களைக் கொண்டு மீண்டும் தேடிப் பார்த்தால் பக்கத்தின் தலைப்பில் எந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.